புளூபெர்ரியும் நம்ம ஊர் ஞாவப்பழமும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பெரிய கடைகளில் 125 கிராம் டப்பாவில் புளூபெர்ரி கிடைக்கத் தொடங்கிய பிறகு, "இதைத் தின்றால் சுகர் இறங்குமா, பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கூடுமா" என்று கேட்காத வீடு இல்லை. நல்ல பழம்தான். ஆனால் அதில் எது நல்லது, எவ்வளவு தின்றால் பலன் என்று தெரியாமல் வாங்கினால் காசுதான் கரையும்.

ஒரு பழத்தை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறிய பச்சை. கருநீலம் முழுக்கத் தோலில்தான். தோலை விரலில் தேய்த்தால் ஊதா ஒட்டும், அதுதான் ஆந்தோசயனின் என்ற நிறச்சத்து. எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், ஆப்பச்சோடா பட்டால் பச்சை கலந்த நீலமாகும். இந்தப் பழத்தின் பெருமை இந்த நிறத்தில்தான் இருக்கிறது. வைட்டமின் சி-க்காக இதை வாங்க வேண்டியதே இல்லை. 100 கிராமில் சுமார் 10 மில்லிகிராம்தான். கொய்யாவில் 200-க்கும் மேல்.

அளவு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனோடு வளர்சிதை மாற்றக் கோளாறும் (இடுப்புச் சுற்று, பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்பு இவற்றில் சில சேர்ந்து எல்லை தாண்டியிருப்பது) உள்ளவர்கள் 6 மாதம் தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடியைச் சாப்பிட்டார்கள். ரத்தக்குழாய் விரிந்துகொடுக்கும் திறன் கூடியது. அதில் பாதியளவு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் இன்சுலினுக்கு உடல் சரியாக மசியாத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, 150 கிராம் அளவு சாப்பிட்டவர்களுக்கும் குறையவில்லை. ஆகவே கேக் மேல் வைத்த நாலு பழத்தால் இதயத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சுகர் மாத்திரைக்கும் இது மாற்றில்லை. சுகர் உள்ளவர்கள் ஒரு வேளைக்கு 75 கிராம் சாப்பிடலாம், அதில் கார்போஹைட்ரேட் மொத்தம் சுமார் 11 கிராம் வரும். சாறாக வடிகட்டினால் நார் போய்விடும். காய்ந்த புளூபெர்ரி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள்.

வாங்கும்போது டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள். பழம் தனித்தனியாக உருள வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றாலோ, அடியில் சாறு கசிந்திருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். பழத்தின் மேல் திருநீறு பூசியது மாதிரி இருக்கும் வெள்ளைப் படலம் பூச்சிமருந்தல்ல, பழமே சுரக்கும் மெழுகு. அது இருந்தால் பழம் அதிகம் கைபடாதது என்று அர்த்தம். காம்புப் பக்கம் சிவந்திருந்தால் பழுக்காமல் பறித்தது. வீட்டில் வைத்தாலும் இனிப்பு ஏறாது.

வீட்டுக்கு வந்ததும் நசுங்கியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கழுவாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். கழுவினால் மெழுகு போகும், ஈரம் தங்கும். வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பதும் தப்பு. நம்ம ஊர் ஈரக்காற்றில் பழம் வியர்த்துவிடும், காம்பு இருந்த குழியில் பூஞ்சை ஏறும். வேண்டியதை மட்டும் எடுத்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, உடனே தின்றுவிடுங்கள்.

மட்டி வாழைப்பழத்தோடு சேர்த்து மிக்ஸியில் அடிப்பவர்களுக்கு ஒன்று. வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கிற நொதி, பெர்ரியில் இருக்கும் ஃபிளவனால் என்ற சத்தையும் சிதைக்கிறது. மட்டி அருமையான பழம், அதைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

கிட்னி பிரச்சினையால் டாக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் இளநீரும் வாழைப்பழமும் ஒதுக்கிவிட்டு எதைத் தின்பது என்று தவிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பழம் உண்மையிலேயே உதவும். 100 கிராமில் சுமார் 77 மில்லிகிராம்தான் பொட்டாசியம், வாழைப்பழத்தில் 350-க்கும் மேல். அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், இதில் வைட்டமின் கே உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு உருண்டையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நசுக்கிக் கொடுங்கள்.

இனி ஞாவப்பழம், அதாவது நாவல்பழம். புளூபெர்ரிக்கு இது சொந்தமே இல்லை, கொய்யாவும் கிராம்பும்தான் இதன் குடும்பம். ஆனாலும் நாக்கைக் கறுக்க வைக்கிற அந்த ஊதா அதே ஆந்தோசயனின் வகைதான். பொட்டாசியமும் ஏறக்குறைய அதே அளவு. புளூபெர்ரி மாதிரி இதை வைத்து நீண்ட ஆய்வுகள் நடத்தப்படவில்லை என்பதற்காகத் தரம் தாழ்ந்த பழம் ஆகிவிடாது. பால், முட்டை வாங்கும் காசில் கைவைத்து புளூபெர்ரி வாங்குவதைவிட, சீசனில் நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஞாவப்பழம் வாங்குவதுதான் புத்தி. சுகருக்கு நல்லது என்று ஞாவக்கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

மரத்தடியில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்னும் பழக்கத்தை விடுங்கள். வாவல் (வௌவால்) விரும்பித் தின்னும் பழம் இது. 2018-இல் கோழிக்கோட்டில் வாவலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் நோய் வந்த பிறகும் கடித்த தடம் உள்ள பழத்தைத் துடைத்துத் தின்பது சரியல்ல. துணி விரித்து, கிளையை உலுக்கி, முழுசாக உள்ளதை மட்டும் எடுங்கள். மிஞ்சினால் கழுவித் துடைத்து, சதையைச் சீவி எடுத்து, ஸ்டீல் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் 4 மணி நேரம் வையுங்கள். கல்லாக உறைந்ததும் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். கரண்ட் போய் ஒருமுறை இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே தின்றுவிடுங்கள்.