பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் மருத்துவர் தங்கிவிடுவாரா?

கிராமத்தில் மருத்துவர் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அரசுகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒப்பந்தப் பத்திரம்தான். படிப்புச் செலவு எங்களுடையது, இத்தனை ஆண்டு கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும், முடியாது என்றால் பணத்தைக் கட்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டிவிட்டுக் கிளம்பிவிடும். மற்றது நாளை எண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டும். இதில் ஊருக்கு என்ன லாபம்?

அரசு பணம் தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்னும் தாராளமாகவே தரட்டும். அது எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் என் கேள்வி.

நள்ளிரவில் பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒரு குரல் கொடுத்தால் மயக்க மருத்துவர், மூத்த மகப்பேறு மருத்துவர், ரத்த வங்கி என்று எல்லாம் ஓடி வரும். சிறிய மருத்துவமனையில் அவரும் ஒரு செவிலியரும்தான். கருப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே எந்த மருந்தை முதலில் ஏற்றுவது, எந்த நிமிடத்தில் ஆம்புலன்ஸை அழைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் நகரத்தில் வராது. ஓடிப்போகிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறோம். பாதிப் பேர் பயந்து ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஜப்பானில் 1972-இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் பத்திரம் உண்டு. பொதுவாக ஒன்பது ஆண்டுப் பணி. முடித்தால் படிப்புக் கடன் தள்ளுபடி. ஆனால் அங்கே 47 மாகாணங்களும் சேர்ந்து பணம் போடுகின்றன, ஒவ்வொன்றும் தன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது, படித்தவர் அதே மாகாணத்துக்குத் திரும்புகிறார். கெடு முடிந்த பிறகும் பெரும்பாலோர் அங்கேயே இருக்கிறார்கள். சொந்த மண்ணுக்குத் திரும்புவதைத் தண்டனை என்று யார் சொல்வார்கள்?

அமெரிக்காவின் கதை வேறு. பட்டம் பெற்ற பிறகான பயிற்சிக்கு அரசு தரும் பணத்தில் பெரும்பகுதி மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியாக மருத்துவமனைகளுக்குப் போகிறது. எத்தனை பயிற்சி இடங்களுக்குத் தருவது என்று 1997-இல் ஒரு சட்டம் வரம்பு கட்டியது. 2010 சுகாதாரச் சட்டம்தான் சமூக மருத்துவ நிலையங்களுக்கே நேரடியாகப் பயிற்சி நிதி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல யோசனை, நடத்தும் விதம்தான் வேடிக்கை. பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டு. நிதியையோ சில மாதங்களுக்கு மட்டும் நீட்டித்ததும் உண்டு. இதை நம்பி எந்த நிலையம் புதிதாக மாணவரைச் சேர்க்கும்?

இன்னொன்று யார் கண்ணிலும் படுவதில்லை. கற்றுக்கொடுக்கும் மூத்த மருத்துவருக்கு நேரம் வேண்டும். வாசலில் நோயாளிகள் வரிசைகட்டி நிற்கும்போது அவர் மாணவரை அருகில் நிறுத்தி எதை விளக்குவார்? கட்டடத்துக்கு ஒதுக்குகிறார்கள், உதவித்தொகைக்கு ஒதுக்குகிறார்கள். அவருடைய சுமையைப் பகிர இன்னொரு மருத்துவரை நியமிக்கச் சொன்னால் மட்டும் கோப்பு நகர்வதில்லை. வரவுசெலவுத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் அந்தப் பணியிடத்துக்கு ஒதுக்கட்டும்; புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.