வண்டு பார்ப்பவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். காணொளி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டதால் நடந்ததை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. வயல் வண்டுகளை இனம் பிரிக்கும் தன் ஆய்வைப் பற்றி இளம் ஆராய்ச்சியாளரான ஒரு தங்கை பேசிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசைப் பெரியவர் ஒலிவாங்கியை வாங்கி, "பிள்ளை, இதால சனத்துக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார், மண்டபம் சிரித்தது. கேள்வியில் தவறில்லை. பதிலுக்குக் காத்திராமல் ஒலிவாங்கியை அடுத்தவரிடம் நீட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் சொல்லியிருக்கக்கூடிய பதில்களில் ஒன்றை நான் சொல்கிறேன். சல்வீனியாவை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். குளம், வாய்க்கால், வயல் என்று நீர் நிற்கும் இடமெல்லாம் கம்பளம் போல மூடும் அந்த மிதக்கும் பன்னம், 1939இல் கற்பித்தல் தேவைக்காக இதே கொழும்பில், அன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குக் கொண்டுவரப்பட்டது. அது வளமான வித்திகளை உண்டாக்குவதில்லை. துண்டு துண்டாக உடைந்தே பெருகுகிறது. எனவே வெட்டி எறிந்தால், தப்பிய துண்டுகளே அடுத்த கம்பளமாகிவிடும்.

இதைத் தின்னும் பூச்சியைத் தேடி 1960களில் அறிஞர்கள் தென்னமெரிக்கப் பக்கம் போனார்கள். ஆனால் அவர்கள் தேடியது வேறொரு சல்வீனியா இனத்தின் மேல். அங்கே கிடைத்த பூச்சிகளை விட்ட இடங்களில் நினைத்த பலன் கிடைக்கவில்லை. 1972இல் மிட்செல் என்பவர் செடிகளை நுணுக்கமாக ஒப்பிட்டு, உலகெங்கும் தொல்லை தருவது தனி இனம் என்று காட்டி, அதற்கு சல்வீனியா மொலெஸ்ட்டா என்று பெயரிட்டார். அதன் பிறகே, 1978இல், அதன் பிறப்பிடம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி என்பது கண்டறியப்பட்டது. அங்கே அதன் மொட்டைத் தின்று, தண்டைத் துளைத்து வாழ்ந்த வண்டின் நீளம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர். விரல் நுனியில் வைத்தால் கறுப்புப் புள்ளி. 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டபோது ஓராண்டளவிலேயே ஏரி தெளிந்தது. அந்த வண்டும் முன்பு அறியப்பட்ட இனமன்று, புதியது என்பது 1985இல்தான் உறுதியானது. 1986இல் அது இலங்கைக்கு வந்தது, பல இடங்களில் சல்வீனியாவை அடக்கியது.

ஐயா, செடியை யாரோ ஒருவர் "பிரயோசனமில்லாமல்" உற்றுப் பார்த்ததால்தான் நம் குளத்தில் தண்ணீர் தெரிந்தது. வண்டைப் பார்ப்பதும் அதே வேலைதான்.

உங்கள் தாவரவியல் துறைதானே அந்தச் சனியனைக் கொண்டுவந்தது என்று சிலர் இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். ஆம், கொண்டுவந்தது. அதனால்தான் எந்த உயிரை எங்கே விடுகிறோம் என்று தெரிந்தவர்கள் கூடுதலாக வேண்டும் என்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் காசு இல்லை என்பார்கள். காசு இல்லாத நாட்டுக்குத்தான் ஒருமுறை விட்டால் தானே பெருகி வேலை செய்யும் வண்டு இலாபம். இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

உண்மையில் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதன்று. ஆய்வு உதவியாளராக இருந்த காலத்தில், பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் தூரத்து உறவினரான மாமி ஒருவர், "பிள்ளை இப்ப என்ன செய்யிறீர்?" என்று விசாரித்தார். தாவரவியலில் ஆராய்ச்சி என்றேன். "ஓ, மெடிசின் கிடைக்கேல்லையோ?" என்று இரக்கத்தோடு என் கையைத் தடவிவிட்டு, பக்கத்திலிருந்த மருத்துவ மாணவனிடம் தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கினார். முதலாம் ஆண்டுப் பையன். அவனும் பெரிய மருத்துவரைப் போலத் தலையாட்டிக் கேட்டான். உயர்தரத்தில் உயிரியல் படித்த எவரும் ஒன்றில் மருத்துவர், இல்லாவிட்டால் தோற்றவர் என்று வைத்திருக்கிறோம். வண்டை விரும்பியே ஒருத்தி வண்டைப் படிக்கக்கூடும் என்பது நம்மவர்களுக்குப் படுவதேயில்லை. முன்வரிசைப் பெரியவருக்கும் அந்த மாமிக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. மாமியிடமாவது இரக்கம் இருந்தது.

மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில்தான் அளந்தார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். கணவாயைக் கறியாக மட்டுமே அறிந்த நாம் அவர்களைப் பார்த்தும் சிரித்திருப்போம்.

"இதையெல்லாம் வெளிநாட்டவர் செய்யட்டும்" என்ற வாதமே எனக்கு மிகவும் வலிக்கிறது. செய்கிறார்கள். நம் நாட்டுப் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டி, பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திப் பூச்சியைத் தாங்கி நிற்கும். அந்த எதிர்ப்புக்குக் காரணமான மூன்று மரபணுக்களின் கொத்தைப் பிரித்தறிந்து 2015இல் வெளியிட்டவர்கள் சீன ஆராய்ச்சியாளர்கள். நெல் நம்முடையது, வயலில் தத்தியால் நட்டப்படுபவர்களும் நாம். அந்தச் செய்தியைப் பகிர்ந்து "நம் முன்னோரின் அறிவு" என்று நெஞ்சு நிமிர்த்துபவர்களே, நம் பிள்ளை ஒருத்தி அதே வகை வேலையைக் கொழும்பில் செய்தால் பிரயோசனம் கேட்கிறார்கள்.

இனி இத்தகைய கூட்டங்களுக்கு இளம் ஆராய்ச்சியாளர்களை அழைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொன்னாடை போர்த்த வேண்டாம், மாலையும் வேண்டாம். பேசி முடிக்க விடுங்கள்.