முன்னாடியே யோசிச்சிருக்கணுமா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நாலு பேர் அனுப்பிவிட்டீர்கள், நாலு தடவையும் பார்த்துவிட்டேன். ஓய்வுக்கால ஆலோசனை முகாம். அதில் ஒரு அக்கா எழுந்து, "பழைய மில்லுல பிடிச்ச பி.எஃப். என்னாச்சுன்னு எங்க கேக்கணும் சார்?" என்கிறார். மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்மா" என்கிறார். கூட்டமும் சேர்ந்து சிரிக்கிறது.

முன்னாடி என்றால் எப்போது? யார் வந்து சொன்னார்கள் அவரிடம்?

என் அப்பா ஒரு மில்லில் 9 வருஷம் 4 மாசம் வேலை பார்த்தார். கடன் நெருக்கியதும் விட்டுவிட்டார். பி.எஃப்.பில் பென்ஷனுக்கென்று சேர்ந்த பணத்தை எடுக்கும் 10சி படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குறி மேலேயே போட்டுவிட்டு வந்தார். அதே படிவத்தில், பணத்துக்குப் பதில், வேலை பார்த்த வருஷங்களைப் பென்ஷனுக்காகக் காத்துவைக்கும் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்கவும் வழி இருக்கிறது. கேட்டிருந்தால், அப்புறம் செக்யூரிட்டியாக பி.எஃப். பிடித்தத்தோடு பார்த்த நாலு வருஷமும் சேர்ந்திருக்கும். பென்ஷனுக்கு 10 வருஷம் வேண்டும்; 9 வருஷம் 6 மாசம் ஆனாலே அதைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். மில் வேலையில் மட்டும் பார்த்தாலே அப்பாவுக்குக் குறைந்தது ரெண்டே மாசம். கையெழுத்துக்கு முன்னால் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அப்பாவை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

"குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய், அதற்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். 2014லிருந்து அதே ஆயிரம்தான், போதாதுதான், சரி. ஆனால் அப்பா போனபிறகும் அம்மா பேரில் பென்ஷன் வந்திருக்கும். இப்போது பிரஷர் மாத்திரை தீர்ந்தால் அம்மா வாய்விட்டுக் கேட்பதில்லை. காலி அட்டையை நான் பார்க்கும்படி டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். சொந்த மகளிடம். அந்த ஆயிரம் இருந்தால் அட்டையை வைத்திருக்கமாட்டார்.

"எல்லாம் நெட்டில் இருக்கிறதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. என் அப்பாவிடம் போன் இல்லை, அவ்வளவுதான்.

"இலவசமாகப் பேச வந்தவரைத் திட்டலாமா?" முழு வீடியோவையும் பாருங்கள். பாதி நேரம் இன்ஷூரன்ஸ் பாலிசி பேச்சுதான். 58 வயதில் கைக்கு வரும் காசு எங்கே போக வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. இருபது வருஷத்துக்கு முன் பிடித்த காசு எங்கே போனது என்று கேட்டால்தான் சிரிப்பு வருகிறது. அந்த அக்கா சிரிப்புக்கு அப்புறம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பழைய மில்லின் பென்ஷன் பணத்தை எடுக்காமல் இருந்தால் அந்த வருஷங்களைச் சேர்க்கக் கேட்கலாம். பழைய பி.எஃப். நம்பர் உள்ள சம்பளச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மாசாமாசம் 27ஆம் தேதி பி.எஃப். ஆபீஸ்காரர்கள் மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள். அதுவரை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். கூட வர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.