ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாமாமே!

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சீல் (கடல்நாய்) குட்டிக்குப் பக்கத்தில் போய் நம் தமிழ்க் குடும்பங்கள் எடுத்துப் போட்ட அந்த வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் ஹாஃப் டெர்ம் பள்ளி லீவு, லண்டனிலிருந்து கிளம்பிய இரண்டு கார், வெள்ளை சீல் குட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தியிருக்கும் சின்னப் பையன், பின்னால் அடித்துப் பிடித்துக் கடலில் விழும் பெரிய சீல்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாஸ் பி.ஜி.எம். லிங்க் போட மாட்டேன். அது எந்தக் கடற்கரை என்றும் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் அங்கே இன்னும் பத்து கார் நிற்கும்.

என் கோபத்தில் பாதிதான் வீடியோ மேல். மீதி கமெண்ட்டுகள் மேல். "இங்க ரைட் டு ரோம் இருக்கு ப்ரோ, எங்க வேணா போலாம், ஒருத்தனும் கேக்க முடியாது" என்று ஒருவர் சட்டம் பேசியிருக்கிறார். அதற்கு லைக் குவிகிறது.

சரி, சட்டமே பேசுவோம். 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம். அதன் அணுகல் உரிமைகள் 2005 பிப்ரவரி 9 முதல் அமலில் இருக்கின்றன. மலை, காடு, ஏரி, ஆறு, கடற்கரை, பெரும்பாலான தனியார் நிலம் என்று எல்லாவற்றிலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், துடுப்புப் படகு விடலாம், சின்னக் கூடாரம் போட்டுத் தூங்கலாம். இங்கிலாந்தில் இந்த அளவுக்குக் கிடையாது. அருமையான சட்டம். ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு என்ன சொல்கிறது? பொறுப்போடு பயன்படுத்தினால் மட்டுமே அந்த உரிமை உண்டு. பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளும் அந்த நிமிடத்தில் நீங்கள் உரிமையை மீறுகிறவர்கூட இல்லை, உரிமையே இல்லாதவர். மோட்டார் வண்டி அதில் அடங்காது. வீட்டைச் சுற்றிய தோட்டம் அடங்காது. வேட்டையும் மீன்பிடியும் அடங்காது. கட்டுக்குள் இல்லாத நாயோடு போனால் அதுவும் அடங்காது. இதை ஒருவரும் கமெண்ட்டில் எழுதவில்லை.

இதோடு முடியவில்லை. 2010-ஆம் ஆண்டின் கடல்சார் சட்டப்படி, ஸ்காட்லாந்தில் சீல்கள் கரையேறிப் படுப்பதற்கென்று குறிக்கப்பட்ட இடங்கள் ஏராளம். அங்கே அவற்றை வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ துன்புறுத்துவது குற்றம். "நாங்க தொடவே இல்லையே" என்பது பதில் ஆகாது. மிரட்டி ஓடவிட்டாலே அது துன்புறுத்தலாகலாம்.

"ஓடினா என்ன, கடல்தானே அதுக்கு வீடு?" இதையும் கேட்டிருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்கிறேன். வீடியோவில் இருக்கும் கிரே சீல் வகை இலையுதிர்காலத்தில், ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, கரையில் குட்டி போடும். பிறக்கும்போது குட்டி 14 கிலோ அளவில் இருக்கும். அந்த வெள்ளை முடி குளிர்காற்றுக்கு ஓரளவு தாங்கும், தண்ணீருக்குத் தாங்காது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேரும்வரை கடலில் அதிக நேரம் இருந்தால் உடல் சூடு போய்விடும். ஏறத்தாழ மூன்று வாரம்தான் தாய் பால் கொடுக்கும். பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அந்த நாட்களில் தாய் எதுவும் சாப்பிடாது, தன் உடம்பை உருக்கித்தான் குட்டியை மூன்று மடங்கு எடைக்குக் கொண்டுவரும். இந்த மூன்று வாரத்தில் தாயைக் கடலுக்குள் துரத்தினால் ஒரு வேளைப் பால் போகிறது. மிரண்டு ஓடும் பெரிய சீல்களுக்கு அடியில் குட்டி நசுங்கலாம். ஆள் நடமாட்டம் நிற்காவிட்டால் தாய் திரும்பாமலே போகலாம். நீங்கள் போய்விட்ட பிறகு இன்னொரு குடும்பம் வரும், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் அது "அஞ்சே நிமிஷம்".

"குட்டி தனியா கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு" என்பவர்களுக்கு: தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. தாய் பக்கத்துத் தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் எப்போது தொலைவீர்கள் என்று. பால் குடி முடிந்த குட்டியும் தனியாகத்தான் கிடக்கும். உண்மையிலேயே காயமோ, மெலிவோ தெரிந்தால் தூரத்தில் நின்றபடியே ஸ்காட்டிஷ் எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்புக்குப் போன் செய்யுங்கள். தூக்கிக் கடலில் விடாதீர்கள். கடித்தால் சும்மா போகாது. சீல் கடியில் விரல் வீங்கி மூட்டு இறுகிப்போகும் தொற்று ஒன்று உண்டு, 'சீல் ஃபிங்கர்' என்றே அதற்குப் பெயர். எல்லா ஆன்டிபயாட்டிக்கும் அதற்கு வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகை வேண்டும். அந்தப் பையனின் கை குட்டியின் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று வீடியோவை இன்னொரு முறை பாருங்கள்.

பார்க்கவே கூடாது என்று யார் சொன்னது? பாருங்கள். கண்குளிரப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று, 8x42 என்று எழுதியிருக்கும், ஒரு குடும்பத்துக்குப் போதும். காற்று சீல்களிடமிருந்து உங்கள் பக்கம் வீசுமாறு நில்லுங்கள். மணல்மேட்டின் உச்சியில் ஆள் உருவம் தெரிய நிற்காமல் சரிவில் உட்காருங்கள். சீல்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். குறைந்தது நூறு மீட்டர். அந்த நூறு மீட்டரும் உத்தரவாதம் இல்லை, அளவுகோல் சீல்தான். ஒரு தலை தூக்கிப் பார்த்தால் அசையாமல் நில்லுங்கள். பல தலைகள் ஒன்றாகத் திரும்பினால் பின்வாங்குங்கள். வயிற்றை இழுத்துத் தண்ணீர்ப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். படம் வேண்டுமா, பைனாகுலரின் கண்ணாடியில் போன் கேமராவை ஒட்டிப் பிடியுங்கள். முகநூலுக்கு அது தாராளம்.

ட்ரோன்காரர்களுக்குத் தனியாக. 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடவில்லை, ரெஜிஸ்டர் செய்திருக்கிறோம் என்கிறீர்கள். நல்லது. அது விமானப் போக்குவரத்து விதி. சீலுக்கு உங்கள் ஆபரேட்டர் ஐ.டி. தெரியாது.

பெரிய லென்ஸ் வைத்திருக்கும் நம் பறவைப் புகைப்பட நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிக்காதீர்கள். தங்கக் கழுகு, வெண்வால் கழுகு, விரால் அடிப்பான், இவற்றின் கூட்டருகே போய்த் தொந்தரவு செய்வதே குற்றம். கூட்டில் வைத்துப் படம் எடுக்க நேச்சர்ஸ்காட் என்ற அரசு இயற்கை அமைப்பின் உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தின் கடைசி வெண்வால் கழுகை 1918-ல் ஷெட்லாந்தில் சுட்டுவிட்டார்கள். 1975-லிருந்து பத்து ஆண்டுகள் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள், மொத்தம் 82. இன்று நீங்கள் மல் தீவில் எடுக்கும் படம் பெரும்பாலும் அந்த 82-இன் வாரிசு. கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழியின் நிலைமை இன்னும் மோசம்: 2021-22 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 542 பறவைகள்தான். வசந்தத்தில் அவை இணை தேடி ஆடும் இடத்தைத் தேடி விடியற்காலையில் காட்டுக்குள் போகாதீர்கள். கட்டுரையில் எழுத வேண்டியதையெல்லாம் இங்கே கொட்டுகிறேன், தெரிகிறது. பரவாயில்லை.

இனி அந்தப் பெரிய கேள்வி. "வெள்ளைக்காரன் நம்ம காட்ல புலி புலியா சுட்டுத் தள்ளினான். அவன் ஊர் கடல்நாய்க்கு நாம ஏன் பயப்படணும்?" கேட்டவர் படித்தவர், எனக்கு மரியாதை உண்டு. பதில்: அவன் இந்தக் கடல்நாயையும் சுட்டான் ஐயா. சுட்டுச் சுட்டுத் தீர்ந்துபோகும் பயத்தில்தான் 1914-லேயே கிரே சீலுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டிவந்தது. சால்மன் பண்ணைகளுக்காக உரிமம் வாங்கிச் சுடுவது ஸ்காட்லாந்தில் 2021 வரை நடந்தது. ஆக அவன் யோக்கியன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவன் விட்டுவைத்ததை நாம் விரட்ட வேண்டுமா? புலிக்குப் பழிவாங்க மூன்று வாரக் குட்டியா கிடைத்தது?

"வெள்ளைக்காரங்க குப்பை போடலையா?" போடுகிறார்கள். நம்மைவிட அதிகமாகவே. லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் குடித்துக் கூத்தடித்து, மரத்தை வெட்டி எரித்து, கூடாரத்தையே விட்டுவிட்டுப் போனவர்களால்தான் 2011-ல் அங்கே முகாம் கட்டுப்பாடு வந்தது. 2017-ல் தேசியப் பூங்காவின் வேறு பல ஏரிக்கரைகளுக்கும் நீட்டினார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த இடங்களில் அனுமதி வாங்காமல் கூடாரம் போட முடியாது. பொறுப்பு போனது, உரிமை போனது. நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அடுத்து எந்தக் கடற்கரை மூடப்படும், யார் வீடியோவைக் காட்டி மூடுவார்கள்?

அந்த வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் வந்த கமெண்ட்டுகளையும் படித்தேன். குட்டியைப் பற்றி இரண்டு வரி, நம் தோலைப் பற்றி இருபது வரி. அவர்களுக்கும் சீல் மேல் அக்கறை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது. ஸ்காட்லாந்து கிராமத்துக் கடையில் பால் வாங்கப் போகும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் இந்த வீடியோவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை எடுத்தவர் சொல்ல மாட்டார், அவர் லண்டன் போய்விட்டார்.

வீடியோவின் கடைசிப் பகுதியைப் பற்றி யாருமே பேசவில்லை. பாழடைந்த கல்வீட்டுச் சுவருக்குள் அலுமினியத் தட்டில் பார்பிக்யூ, சுவரிலிருந்து பிடுங்கிய கல்லை அடுக்கி அடுப்பு. "பழைய ஆட்டுக்கொட்டில்" என்று சிரிக்கிறார் ஒருவர். ஹைலேண்ட் எனும் வடக்கு மலைப்பகுதியில் கூரையில்லாமல் நிற்கும் அப்படிப்பட்ட சுவர்கள் பல, ஆடு வளர்க்க இடம் வேண்டும் என்று நிலப்பிரபுக்கள் குடியானவர்களைத் துரத்திய காலத்தவை. அங்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோசல் என்ற ஊரே 1814-க்கும் 1818-க்கும் இடையில் காலியாக்கப்பட்டது. அங்கே ஆட்டுக்காக மனிதனை விரட்டினார்கள். ஊரை விட்டு விரட்டப்பட்டவன் வீட்டுக் கல் என்றால் என்னவென்று உலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டாமா?

கல்லை நகர்த்தாதீர்கள். இதைத்தான் எத்தனை தடவை சொல்வது. ஸ்கை தீவின் ஃபேரி க்ளென்னில் (தேவதைப் பள்ளத்தாக்கில்) சுற்றுலாக்காரர்கள் அடுக்கும் சுருள் கல்வட்டங்கள் பழைய மரபும் இல்லை, தேவதையும் இல்லை. அந்த மேடுகள் நிலச்சரிவில் உருவானவை, ஆடு மேயும் நிலம். உள்ளூர்க்காரர்கள் கலைக்கக் கலைக்க மறுபடி அடுக்குகிறார்கள். இன்வர்னெஸ் பக்கத்து கிளாவாவில் இருப்பது நான்காயிரம் ஆண்டுப் பழைய உண்மையான கல்லறைகள், குளிர்காலச் சூரியன் மறையும் திசை பார்த்து வாசல் வைத்தவை. அங்கே ஒரு கல் இடம் மாறினாலும் ஒரு தகவல் அழிகிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல்மேல் படர்ந்த லைக்கனை (கற்பாசியை) சுரண்டாதீர்கள். மெழுகுவத்தி ஏற்றாதீர்கள். கல்லைக் கண்டால் கற்பூரம் காட்டும் கை நமக்கு, அதையும் அடக்குங்கள்.

அடுப்பு விஷயம். காலடியில் இருப்பது பீட் மண்ணாக இருக்கலாம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் படிந்த பாசியும் செடியும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். பார்பிக்யூ தட்டின் சூடு கீழே இறங்கினால் புகைகூடத் தெரியாமல் நாள்கணக்கில் உள்ளேயே கனன்று வேறெங்கோ தலைகாட்டும். மேலே இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது வீண். சமைத்தே ஆக வேண்டுமென்றால் கால் வைத்த கேஸ் ஸ்டவ், சமமான பாறைமேல். காற்றுத் தடுப்பை கேஸ் டப்பாவையும் சேர்த்துச் சுற்றிக் கட்டாதீர்கள், டப்பா சூடேறி வெடிக்கும். மசாலா தடவிய கோழியை வீட்டிலேயே பொரித்து எடுத்து வந்தால் யாருடைய சுயமரியாதை குறையும்?

கழிப்பறை: தண்ணீரிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சின்னக் கரண்டியால் புல்லோடு மண்ணைப் பெயர்த்துக் குழி தோண்டி, மூடி, புல்லை மேலே வைத்து மிதித்துவிட்டு வாருங்கள். காகிதமும் ஈர டிஷ்யூவும் பையில் உங்களோடு வர வேண்டும். ஒற்றைத் தடச் சாலையில் பாஸிங் பிளேஸ் என்று அகலமாக விட்டிருக்கும் இடம் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, பின்னால் வருபவரை முந்தவிட. அது பார்க்கிங் இல்லை. ஆம்புலன்ஸ் அந்தச் சாலையில்தான் வர வேண்டும்.

"எல்லாத்துலயும் குறை சொல்ற, எங்கதான் போறது?" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: அபர்டீனுக்கு வடக்கே நியூபரா. ஐத்தன் ஆறு கடலில் கலக்கும் இடம். ஆற்றின் தென்கரையில், ஊர்ப்பக்கக் கடற்கரையில் நில்லுங்கள். சீல்கள் எதிர்க்கரையில் படுத்திருக்கும், நடுவில் ஆறு. வடகரையில் ஃபோர்வி மணல்மேடுகள் பக்கம் சுற்றிக்கொண்டு போய் அவற்றுக்குப் பின்னால் இறங்காதீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுவதால் அந்த முனையையே மூடிவிடுவார்கள். தண்ணீரில் நீந்தி உங்கள் பக்கக் கரைக்கு ஒன்றிரண்டு வந்து பார்க்கும். அப்போதும் நீங்கள் கிட்டப் போகாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பயங்கரமாக இருக்கும், பிள்ளைகளுக்குக் காது மூடும் தொப்பி வாங்கிப் போங்கள்.