ஏவுதலுக்குக் காத்திருக்காத விசுவாசம்

"ஆவியானவர் ஏவும்போது எழுதலாம்" என்று சொல்லிச் சொல்லியே நம் சபைகளில் எத்தனை பாட்டு எழுதப்படாமல் போகிறது! அதைப் பக்தி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயம். இயேசு சொன்ன உவமையில் எஜமான் கொடுத்த தாலந்தைப் புதைத்தவனும் அதைத்தானே சொன்னான்: "நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்துவைத்தேன்" (மத்தேயு 25:25). சோம்பேறி என்று சொன்னது எஜமான். அவன் வாயில் வந்த காரணம் பயம்தான்.

விசுவாசம் அந்தப் பயத்தை என்ன செய்யும் என்று பார்க்க, ஜெர்மனியின் ஆலய இசையமைப்பாளர் யோஹான் செபஸ்தியான் பாக்கின் கையெழுத்துப் பிரதிகளைப் பாருங்கள். பல பிரதிகளின் தலையில் 'ஜே.ஜே.' என்று இருக்கும். 'இயேசுவே, உதவும்' என்பதன் லத்தீன் சுருக்கம். முடிவில் 'எஸ்.டி.ஜி.', அதாவது 'தேவனுக்கு மாத்திரமே மகிமை'. முதலாவது, 'என்னால் ஆகுமா' என்ற நடுக்கத்துக்கு. இரண்டாவது, 'ஊர் என்ன சொல்லும்' என்ற நடுக்கத்துக்கு. இரண்டையும் கர்த்தரிடம் விட்டாயிற்று என்றால் நடுவில் மிஞ்சுவது வேலை மட்டும்தான்.

அந்த வேலை லேசானதல்ல. 1723 மே மாதம் ஆலய இசைப் பொறுப்பேற்று ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துக்கு வந்த பாக், முதல் சில வருடங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கான்டாட்டா, அதாவது ஆராதனையில் குரலும் கருவிகளும் சேர்ந்து பாடும் இசைத் தொகுப்பு, கொடுத்தார். கோரஸ், தனிப்பாடல்கள், கடைசியில் எளிய ஞானப்பாட்டு என்று ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம். பல வாரங்களுக்கான பாடல் வரிகள் முன்கூட்டியே சிறு புத்தகமாக அச்சாகிவிடும். சபையார் கையில் வரிகள் இருக்கும்போது 'இன்னும் ஏவுதல் வரவில்லை' என்று சொல்ல முடியுமா?

பிரதிகளைப் பார்த்தால் வேலை நடந்த விதமே தெரிகிறது. பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் ஆரம்பச் சுரங்களை அவசரமாகக் கிறுக்கி வைத்திருப்பார். மை காய்ந்த பிறகுதான் தாளைத் திருப்ப முடியும், அதற்குள் மறந்துவிடக் கூடாதே! அடித்தல் திருத்தல்களும் உண்டு. பேசுவதுபோலப் பாடும் பகுதிகளுக்கு முதலில் வரியை எழுதி, பிறகு சுரம் வைத்தார். கோரஸுக்கு முதலில் சுரம், பிறகு வரி. நம் பாட்டு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வசனத்தை வார்த்தை மாறாமல் பாடவேண்டிய இடத்தில் மெட்டை முதலில் போட்டுவிட்டால் குறில் நெடிலாக இழுபடும். 'பலம்' பாடும்போது 'பாலம்' ஆகிவிடும்.

பிறகு மாணவர்களும் வீட்டாரும் உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனித்தனியாகப் பிரதி எடுப்பார்கள். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. லைப்ஸிக் ஆலயங்களின் ஆர்கன் மற்றக் கருவிகளைவிட ஒரு முழுச் சுரம் உயரமாகச் சுருதி வைத்தது. அதனால் ஆர்கன் வாசிப்பவருக்கான தாளை மட்டும் ஒரு சுரம் தாழ்த்தி எழுத வேண்டும். மறந்தால் முதல் வரியிலேயே எல்லாம் கலையும்.

ஆள்பலமும் போதவில்லை. 1730 ஆகஸ்டில் நகர சபைக்கு எழுதிய மனுவில், ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது 12 பேர், 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்று கணக்குச் சொல்லிக் கேட்கிறார். கர்த்தரை நம்பினவர் குறையைச் சொல்லக் கூடாது என்பது நாமாகக் கட்டிய சட்டம்.

பழையதை எடுத்துப் பயன்படுத்தவும் அவர் கூசவில்லை. கிறிஸ்து பிறப்பின் கதையைப் பாடும் அவருடைய 1734 கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ முரசு ஒலியோடு தொடங்கும். அந்த இசை முந்தின வருடம் சாக்ஸனி அரசியின் பிறந்தநாளுக்கு எழுதியது. வரியை மாற்றி ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். எல்லாம் புதிதாகவே இருக்கவேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

'சின்ன ஆர்கன் புத்தகம்' என்று ஒன்று உண்டு. 164 ஞானப்பாட்டுகளுக்குத் திட்டம் போட்டுத் தலைப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். முடித்தது 46. மீதிப் பக்கங்களில் தலைப்பும் கோடுகளும் மட்டுமே. பாக் அவற்றைக் கிழித்தெறியவில்லை. முகப்பில், உன்னத தேவனுக்கு மாத்திரம் கனம் உண்டாகவும், பிறன் இதிலிருந்து கற்றுக்கொள்ளவும் என்ற பொருளில் இரண்டு வரி எழுதி, அந்த வெற்றுப் பக்கங்களோடேயே புத்தகத்தை மாணவர்களுக்குப் பாடம் சொல்லப் பயன்படுத்தினார்.