மூன்று வருடத்துப் பரம்பரைப் பகை

2021 செப்டம்பர் 28. சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று ஒரு அணி வீழ்த்தியது. அணியின் பெயர் ஷெரிஃப், ஊர் திராஸ்போல். அது எங்கே இருக்கிறது என்று அன்று இரவு பாதி உலகம் தேடியிருக்கும். நானும் தேடினேன். உக்ரைனுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில், பழைய சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த மால்டோவா என்று வந்தது. கொஞ்சம் தோண்டினால், மால்டோவா அரசின் பேச்சு அந்த ஊரில் செல்லாது என்று தெரிந்தது.

அங்கே ஆட்சி செய்வது டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்ற தனி அரசு. அரிவாள் சுத்தியல் போட்ட கொடி, தனி ரூபிள், தனி ராணுவம், எல்லைச் சாவடி எல்லாம் உண்டு. ஐநா உறுப்பு நாடுகளில் ஒன்றுகூட, ரஷ்யா உட்பட, அதை அங்கீகரிக்கவில்லை. கால்பந்து அணி மட்டும் மால்டோவா லீக்கில் ஆடுகிறது, 2021-இல் ஐரோப்பாவுக்குப் போனதும் மால்டோவா சாம்பியனாகத்தான். வீட்டை விட்டுப் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டு, ரேஷன் அட்டையில் பெயரை மட்டும் எடுக்காமல் விட்ட மாதிரி.

அன்றைக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் இதைப் போட்டபோது ஒரு நண்பர் எழுதினார்: “அந்தப் பக்கமே அப்படித்தான். நூற்றாண்டுக் கணக்கான இனப்பகை. கம்யூனிஸ்ட்காரன் மூடி போட்டு அழுத்தி வைத்திருந்தான். மூடி கழன்றதும் பொங்கிவிட்டது.”

இந்தக் குக்கர் கதையை, உடைந்த கம்யூனிஸ்ட் நாடுகளில் போர் மூண்ட செச்சென்யா, கராபக், போஸ்னியா என்று எதைப் பற்றிப் பேசினாலும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், திராஸ்போலுக்கு அது பொருந்தவே இல்லை.

டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் முதல் தலைவர் இகோர் ஸ்மிர்னோவ். சோவியத் யூனியனின் தூரக் கிழக்கில் கம்சாத்காவில் பிறந்தவர். உக்ரைனில் வேலை பார்த்துவிட்டு, ஒரு மின்பொறி ஆலைக்கு இயக்குநராகத் திராஸ்போல் வந்தது 1987-இல். 1990 செப்டம்பர் 2-இல் தனிக் குடியரசு அறிவிக்கப்பட்டபோது தலைவராக இருந்தவர் அவர்தான். ஊருக்கு வந்து மூன்று வருடம்! இதில் நூற்றாண்டுப் பகை எங்கே இருக்கிறது? அதுவும் 1989 கணக்கெடுப்பின்படி அந்தப் பகுதியில் தனித்தனியாகப் பார்த்தால் மால்டோவியர்களே பெரிய கூட்டம், சுமார் 40 சதவீதம். உக்ரைனியர், ரஷ்யர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் சண்டை எதற்கு? வேலைக்கும் மொழிக்கும். 1989 ஆகஸ்ட் 31-இல் மால்டோவா சட்டசபை மால்டோவிய மொழியை ஆட்சிமொழி ஆக்கியது. அதுவரை ரஷ்ய எழுத்தில் எழுதப்பட்ட மொழியை மறுபடி லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. அதற்கு நியாயம் இருந்தது. சொந்த ஊரில் சொந்த மொழியை அடுப்படியில் மட்டும் பேசி வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆனால் நீஸ்டர் ஆறு தாண்டி, டிரான்ஸ்னிஸ்ட்ரியா இருக்கும் கிழக்குக் கரையில் பெரிய ஆலைகள், மாஸ்கோவோடு நேரடித் தொடர்பு, ரஷ்ய மொழியிலேயே நடந்த நிர்வாகம். அந்த ஆலை அதிகாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டம் ஒரே ஒரு சேதியைத்தான் சொன்னது: நாளைக்கு நீ பரீட்சை எழுதணும், இல்லாவிட்டால் நாற்காலி போகும். சட்டம் நிறைவேறும் முன்பே ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. கூடவே தலைநகர் கிஷினெவில் ருமேனியாவோடு இணைவோம் என்ற கோஷமும் கிளம்ப, பயம் முழுமையானது.

சின்ன வயதில் ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரே நாடு என்றுதான் பதிந்திருந்தது. உண்மையில் பொம்மைக்குள் பொம்மை வைத்த மாதிரி கட்டப்பட்ட நாடு. மேலே 15 குடியரசுகள், அவற்றுக்குள் தன்னாட்சிக் குடியரசுகள், அதற்கும் கீழே தன்னாட்சி மாவட்டங்கள். ஒவ்வொருவரின் உள்நாட்டுக் கடவுச்சீட்டிலும் என்ன இனம் என்று எழுதியிருக்கும். பகையை மூடி வைத்தது ஒருபுறம் இருக்கட்டும், யார் யார் எந்தப் பெட்டி என்று எழுபது வருடம் முத்திரை குத்தியதே அந்த அரசுதான். 1991-இல் அந்த நாடு உடைந்தபோது வெளிப் பொம்மைகள் பதினைந்து மட்டும் தனி நாடுகளாக ஏற்கப்பட்டன. ரஷ்யாவுக்குள் இருந்த செச்சென்யாவுக்கும் அசர்பைஜானுக்குள் இருந்த கராபக்குக்கும், நேற்று வரை மாஸ்கோ என்ற மேல்முறையீட்டு இடம் இருந்தது. அது ஒரே நாளில் காணாமல் போனது.

சரி, மால்டோவாவுக்கே வருகிறேன். எனக்கு இதில் பிடித்த இடம் இனிமேல்தான்.

அதே நாட்டில், அதே இரண்டு வாரத்தில், இன்னொரு பிரிவினையும் அறிவிக்கப்பட்டது. தெற்கில் காகவுஸ் என்ற மக்கள், அப்போது சுமார் ஒன்றரை லட்சம் பேர். பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி, மதம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம். அவர்கள் 1990 ஆகஸ்ட் 19-இல் கோம்ராத் நகரில் தனிக் குடியரசு அறிவித்தார்கள். அக்டோபரில் அவர்களை அடக்க கிஷினெவிலிருந்து ஆயிரக்கணக்கில் தொண்டர்கள் பஸ் ஏறிப் போனார்கள். சோவியத் படைகள் குறுக்கே நின்றன, பெரிய மோதல் நடக்கவில்லை. சில நாள் கழித்து, நவம்பர் 2-இல், கிழக்கே, டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் துபாசரி ஊர்ப் பாலத்தில் மால்டோவா போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள்.

அந்த ஒரு வார வித்தியாசத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சாவு விழுந்த இடத்தில் அதற்குப் பிறகு பேச்சுக்கு உட்கார்பவன் துரோகி. கிழக்கில் 1992-இல் போர் வந்தது. பெந்தேரி நகரத் தெருக்களில் சண்டை நடந்தது. அங்கே முகாமிட்டிருந்த ரஷ்யாவின் 14-ஆவது ராணுவம் புகுந்து முடித்து வைத்தது. ஜூலை 21-இல் போர்நிறுத்தம். அன்று நின்ற கோட்டில்தான் இன்றும் நிற்கிறார்கள்.

தெற்கில் நடந்தது வேறு. 1994-இல் கிஷினெவில் ஆட்சி மாறியது. ருமேனியாவோடு இணையும் பேச்சு தேர்தலில் தோற்றது. புதிய நாடாளுமன்றம் அந்த டிசம்பர் 23-இல் காகவுஸ் மக்களின் பகுதியான காகவுசியாவுக்குத் தன்னாட்சி தரும் தனிச் சட்டம் போட்டது. அதில் இரண்டு விஷயம் எனக்கு அசலான அரசியல் புத்தியாகத் தெரிகிறது. மால்டோவா சுதந்திர நாடாக இல்லாமல் போனால், தங்கள் வழியைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை காகவுஸ் மக்களுக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பயந்தது ருமேனியாவுக்குத்தானே, அந்தப் பயத்தையே சட்டப் பிரிவாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரிவினைக்குக் கதவு திறக்கிறீர்களே என்று அப்போதே கத்தியவர்கள் உண்டு. முப்பது வருடமாகிறது, அந்தக் கதவு வழியாக யாரும் வெளியே போகவில்லை.

இன்னொன்று எல்லை. வரைபடத்தில் கோடு கிழித்து இது உன்னுடையது என்று சொல்லவில்லை. 1995 மார்ச்சில் ஊர் ஊராக வாக்கெடுத்தார்கள். சேர விரும்பிய ஊர் சேர்ந்தது, விரும்பாத ஊர் வெளியே நின்றது. அதனால் இன்றும் காகவுசியா வரைபடத்தில் ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும். நேர்த்தியான எல்லை கேட்டிருந்தால் எத்தனை ஊரை யார் யார் காலி செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று கராபக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் ஒரே வாரத்தில் லட்சம் ஆர்மேனியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். அதற்கு முன், தொண்ணூறுகளில், அதே கராபக்கிலிருந்தும் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்ட அசர்பைஜானியர்கள் பல லட்சம்.

காகவுஸ் மக்கள் புத்திசாலிகள், திராஸ்போல்காரர்கள் முரடர்கள் என்று சொல்ல வரவில்லை. காகவுஸ் பக்கம் ஆலையும் கிடையாது, காவலுக்கு ரஷ்யப் படையும் கிடையாது. துருக்கியும் அவர்களிடம் மால்டோவாவுக்குள்ளேயே இருங்கள் என்றுதான் சொன்னது. பலவீனம் அவர்களைப் பேச வைத்தது. திராஸ்போலுக்குப் பின்னால் ரஷ்ய ராணுவமும் ரஷ்யாவின் இலவச எரிவாயுவும் இருந்தன, பேசவேண்டிய அவசியம் வரவில்லை. அரசியல் எழுதுபவர்கள் அடையாளம், பண்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எரிவாயு பில்லை யார் கட்டுகிறார்கள் என்று முதலில் கேட்பது நல்லது என்பது என் கட்சி.

தன்னாட்சி கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரஷ்யாவுக்குள் 1992-இல் கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த உள் குடியரசுகள் இரண்டு, செச்சென்யாவும் டாடர்ஸ்தானும். முடிந்த அளவு இறையாண்மையை விழுங்கிக்கொள்ளுங்கள் என்று 1990-இல் டாடர்ஸ்தான் தலைநகர் கசானில் வைத்துச் சொன்னவர் அப்போதைய ரஷ்யத் தலைவர் யெல்ட்சின். டாடர்ஸ்தான் தலைவர் ஷைமியெவ் பேசிப் பேசி 1994 பிப்ரவரியில் தனி ஒப்பந்தம் வாங்கினார். செச்சென்யத் தலைவர் துதாயெவை யெல்ட்சின் நேரில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. அந்த டிசம்பரில் டாங்கிகளை அனுப்பினார்.

டாடர்ஸ்தான் வெற்றிக் கதை என்று நானே பல இடத்தில் வாதாடியிருக்கிறேன். 2007-இல் ஒருமுறை புதுப்பித்த அந்த ஒப்பந்தம் 2017-இல் காலாவதியானது, மாஸ்கோ மறுபடி புதுப்பிக்கவில்லை. அதே வருடம் பள்ளிகளில் டாடர் மொழி கட்டாயப் பாடமாக இருந்ததும் போயிற்று. துப்பாக்கி எடுக்காமல், சட்டப்படி, பொறுமையாகப் பேசி வாங்கியதைக் காலாவதித் தேதி வந்ததும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தலைவர்களின் புரிதலில் நின்ற ஒப்பந்தம், அந்தத் தலைவர்களோடு போய்விட்டது. காகவுசியா சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அந்தக் கணக்குத்தான் இன்றுவரை அதைக் காப்பாற்றுகிறது.

காகவுசியாவும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே பள்ளிப் பாடம் ரஷ்ய மொழியில்தான், காகவுஸ் மொழி ஒரு பாடம் மட்டும். எந்த மொழிக்காகக் கொடி பிடித்தார்களோ அது இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிகள் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் யெவ்கேனியா குட்சுலுக்கு, சட்டவிரோதக் கட்சி நிதி வழக்கில் 2025 ஆகஸ்டில் ஏழு வருடச் சிறை. ரஷ்யப் பணம் என்கிறது கிஷினெவ், பழிவாங்கல் என்கிறது கோம்ராத். கவனியுங்கள், சண்டை நீதிமன்றத்தில் நடக்கிறது.

திராஸ்போலில் 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய எரிவாயு நின்றது. வீடுகளில் சூடு இல்லை, ஆலைகள் மூடின. ராணுவம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதை வைத்து ஒரு வீட்டு அடுப்பைக்கூட மூட்ட முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் வாங்கிய எரிவாயு கொஞ்சம் உள்ளே வந்தது. வந்த வழி, மால்டோவா.

இதை அந்த நண்பருக்கு அனுப்பினேன். “சரி, அப்ப ஷெரிஃப் இந்த வருஷம் எந்த லீக்ல ஆடுது?” என்று கேட்டார். அதே மால்டோவா லீக்தான் என்று சொன்னேன்.