நூறு யூனிட் எப்படி 1,122 ஆனது?

இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது கேஸ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருப்பார்கள். நேற்று என் முறை.

மீட்டரில் ஓடியது 100 யூனிட். பில்லில் போட்டிருப்பது 1,122 கிலோவாட் மணி. மின்சாரம் என்றால் ஓடின யூனிட்டுக்குக் காசு. எரிவாயுவை மட்டும் கன மீட்டரில் அளந்துவிட்டு, வெப்பத்துக்குக் காசு வாங்குகிறார்கள். அதனால் 100-ஐ முதலில் 1.02264-ஆல் பெருக்க வேண்டும். வெப்பநிலையாலும் அழுத்தத்தாலும் வாயு விரிந்து சுருங்குவதற்கான திருத்தம் அது. அப்புறம் கலோரி மதிப்பால் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் எத்தனை மெகாஜூல் வெப்பம் வரும் என்பதுதான் அது, இந்தத் தடவை 39.5. வருகிற வாயுவைப் பொறுத்து அதுவும் மாறும். கடைசியில் மெகாஜூலைக் கிலோவாட் மணியாக்க 3.6-ஆல் வகுக்க வேண்டும். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் இதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவது என்ன நியாயம்?

இதற்கு மேல் தினசரி நிலைக்கட்டணம். அடுப்பே பற்றவைக்காமல் ஊருக்குப் போயிருந்தாலும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி (VAT).

பழைய மீட்டர் என்றால் இன்னும் மோசம். அதில் ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, 2.83-ஆல் பெருக்கினால்தான் கன மீட்டர் வரும். புது மீட்டரைப் பழையது என்று பதிந்துவிட்டால் வாயுவின் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளோடு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்.